எர்த் கொண்ட தனபாலன்

வாழ்க, ராஜா அண்ணாமலைபுரத்துப் பன்னிரு வீட்டு அடுக்ககத்தின் அசையாச் செயலாளர், போட்டியின்றித் தேர்வாகும் புகழாளர், டெஸ்டர் என்னும் ஒளிமுனை வேலினைச் சட்டைப்பையில் தரித்த தனபாலன்!

கீழ்த்தளக் குழாயைத் திறந்த ஹமீதுன்னிசாவின் வளைக்கரத்தில் கசிவு மின்சாரம் கருநாகமெனக் கொத்திய அன்றே, தண்ணீர்த் தொட்டி மூடிமேல் ஏறி நின்று அவர் சூளுரைத்தார்: "கசிவைத் தரைக்கு இறக்கும் எர்த் வீடுதோறும் இருக்கும்! மின்சாரம் கசிந்தால் தானே விழும் ட்ரிப் சுவிட்ச் இருக்கும்! இல்லையேல் இச்செயலாளன் இரான்!"

ஞாயிறு மாலை, கார் நிறுத்துமிடம் போர்க்களமாயிற்று. பிளாஸ்டிக் நாற்காலிகள் வியூகம் வகுத்தன.

"மழை பெஞ்சாலே அது விழுந்துடும் மாமா. நாங்க ஊருக்குப் போயிருந்தா, ஃபிரிட்ஜ்ல இருக்கிற மீனுக்கு யார் பதில் சொல்றது?" என்று முதல் அம்பை எய்தாள் மூன்றாம் மாடி ஷண்முகப்ரியா.

ஹமீதுன்னிசாவின் கணவர் கலீமுல்லாவோ பிரம்மாஸ்திரத்தையே விடுத்தார்: "கசிவு அளவு கம்மியா வெச்சா சும்மா சும்மா சுவிட்ச் விழும். ஜாஸ்தியா வெச்சா ஆளு விழுவான். இன்னா செய்யப் போற நைனா?"

மதங்கொண்ட களிறு மல்லிகைப் பந்தலடியில் மலைத்து நின்றதுபோல் ஒரு கணம் நின்ற தனபாலர், தொண்டையைச் செருமி, திசையெட்டும் அதிர முழங்கினார்: "முப்பது மில்லி ஆம்பியர்! எவ்வீட்டில் விழுகிறதோ, அவ்வீட்டுக் குற்றக் கருவி பழுது நீங்கும்வரை ஓடாது! செயலாளர் வீடாயினும் விலக்கில்லை!"

கடைசி வாக்கியம் கைத்தட்டலுக்காகச் சேர்த்தது. கைத்தட்டலும் கிடைத்தது, கைகளும் உயர்ந்தன, விதி பிறந்தது.

வீடுதோறும் சுவிட்ச் மாட்டி முடிந்த மாலையிலேயே முதல் சுவிட்ச் விழுந்தது. மீன் வீட்டில் அல்ல, தனபாலர் வீட்டில்! ஓடும் கிரைண்டரில் மாவைத் தள்ளிவிட அவர் மனைவி சீதா ஈரக்கை வைத்த நொடியில் மனையே இருண்டது. வேலேந்திப் பாய்ந்த வீரர் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார். எர்த்துக்கான மூன்றாம் முள்ளைக் காணோம். பழைய இரண்டு துளைப் பாயின்ட்டில் நுழையவில்லையென்று என்றோ அதை ஆக்ஸா பிளேடால் அறுத்தெறிந்த வெற்றிக்கரம் அவருடையதே.

"கை சுருக்கு சுருக்குங்குதுன்னு எத்தனை வருஷமா சொன்னேன்? வாயுப் பிடிப்புன்னீங்களே!" என்றாள் சீதா. "பாதி மாவு நிக்குது. ரூல் போட்ட மகராசா, இப்ப சொல்லுங்க."

தன் வாளாலேயே வீழ்ந்த பெருவீரர் அவள் கையை ஒருமுறை பார்த்தார். பிறகு, களத்தில் பட்ட யானைக்குப் பட்டாடை போர்த்துவதுபோல், கிரைண்டர்மேல் பழைய துண்டொன்றைப் போர்த்தினார்.

அன்று ராத்திரி அவர்கள் வீட்டில் உப்புமா.