என் நாலு வார்த்தை வசனம் பறிபோன கதை

மதிப்பும் மரியாதையும் உள்ள மச்சான் ஒரோன்சோவுக்கு (மரியாதை உன் அக்காவுக்காக மட்டும்), உன் அத்தான் கோசிமோ எழுதுவது.

தோரினோவில் உன் முழங்காலும் உன் பெண்டாட்டியும் உன் பேச்சைக் கேட்கவேண்டும் என்று கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். முழங்கால் கேட்டாலே பெரிசு.

நம்ம ஊரில் காதல் படம் எடுக்கிறார்கள். சிரிப்புப் படமாம். எனக்கு ஒரு வசனம் கொடுத்தார்கள். காபிக் கடை வாசலில் நான் சீட்டாடிக்கொண்டிருப்பேன், கதாநாயகி அழுதுகொண்டு வருவாள், "ஓடு மகளே, பஸ் கிளம்புது" என்பேன். நாலே வார்த்தை, ஆனால் அதைச் சொல்லாவிட்டால் அவள் ஓடமாட்டாள், கல்யாணம் நடக்காது, படமே இல்லை. முடிவெட்டுகிறவன், பாதிரியார், பல் வைத்தியர் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வெள்ளைத் தொப்பி வேறு வாங்கினேன். முதல் நாள் எடுத்தபோது மொத்தப் பேரும் அசந்துபோய்த் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் உதவி இயக்குநர் ஜினெவ்ரா, மிலானோப் பெண், ஒரு தாளோடு வந்தாள். "தாத்தா, படத்துல பேசற ஆம்பளைங்க பத்தொம்பது. பொம்பளைங்க மூணு, அதுலயும் ஒருத்தி அழ மட்டும் செய்யறா. அதனால உங்க வசனம் காய்கறிக்கடை ஃபாதுமா அம்மாவுக்கு."

ஃபாதுமா பிறந்தது சோமாலியாவில். சண்டை போடுவது சுத்தமாக நம்ம ஊர்ப் பேச்சில். அவளிடம் போய், "கொஞ்சம் வெளிநாட்டுக்காரி மாதிரி பேசுங்களேன்" என்றாள் அந்தப் பெண்.

"முப்பது வருஷமா இங்க தக்காளி விக்கிறேன், கண்ணு. வெளிநாட்டுப் பேச்சு வேணும்னா நீயே பேசு. நீ பேசறதுதான் இங்க யாருக்கும் புரியல."

அதோடு விட்டார்களா? ரெண்டு பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற காட்சி ஒன்றும் வேண்டுமாம், அதில் ஆம்பளை பற்றி ஒரு சொல் வரக்கூடாதாம். ஆகஸ்டு மாசமாச்சே, நம்ம முற்றத்தில், வருஷம் பூராவுக்கும் பாட்டிலில் அடைக்கிற சாற்றுக்குத் தக்காளி வெந்துகொண்டிருந்தது. உன் அக்காவையும் ஃபாதுமாவையும் அண்டா பக்கத்தில் நிறுத்திக் கேமராவை வைத்தார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நாற்பத்தாறு வருஷமாக என்னைத் திட்டாமல் மூணு வாக்கியம் பேசாதவள் உன் அக்கா. இந்தக் காட்சி கெட்டால் வெறுத்துப்போய் என் வசனத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள் என்று கணக்குப் போட்டேன்.

"தக்காளிய நல்லாப் பிழியணும் ஃபாதுமா, எங்க வீட்டு ஆளு மாதிரி பாதியில எழுந்து போகக்கூடாது."

"கட்" என்றாள் ஜினெவ்ரா.

"பாட்டில கவுத்துக் காயவைக்கணும், இல்லேன்னா எங்க வீட்டு ஆளோட பல்செட் மாதிரி நாறும்."

"கட்."

பதினாலு தடவை. நான் சும்மா இருப்பேனா, கேமராவுக்குப் பின்னால் சட்டையில் சாறு ஊற்றிக்கொண்டு நின்றேன், பாட்டில் மூடியைக் கண்ணில் வைத்துக் காட்டினேன். அப்புறம் ஃபாதுமா ஒரு வேலை செய்தாள். "நீ பேசில் இலைய பாட்டில்ல போடறதாலதான் சாறு புளிக்குது" என்றாள்.

அவ்வளவுதான் மச்சான். உன் அக்கா என்னை மறந்துபோனாள். எங்கள் அம்மா, உங்கள் அம்மா, உப்பு, வெயில், ஃபாதுமாவுக்கு எரித்ரேயாவிலிருந்து வந்த மருமகள், பேச்சில் எல்லாம் வந்தது, நான் வரவில்லை. வேறு வழியில்லாமல் என் புதுத் தொப்பியைக் கொதிக்கிற அண்டாவில் போட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கரண்டியால் எடுத்து, சாறு வீணாகாமல் பிழிந்து, கொடியில் மாட்டிவிட்டு, "பேசில் போடாத சாறு சாறே இல்ல" என்று தொடர்ந்தாள். இருபது நிமிஷம். எல்லாரும் கைதட்டினார்கள். படத்தில் கதாநாயகனும் நாயகியும் இப்போது அவர்களுக்குப் பின்னால் பாட்டில் கழுவுகிறார்கள். முத்தம் ரெண்டு பாட்டிலுக்கு நடுவில் தெரியும், எட்டிப் பார்த்தால்.

ஆணுக்கு நியாயம் செத்துப்போன ஊரிலிருந்து, உன் பிள்ளைகளுக்கு ஆசிகளும் உனக்கு ஒரு குட்டும்.

அத்தான் கோசிமோ

பின்குறிப்பு: தம்பி, அக்கா நுன்சியா எழுதறேன். கவர ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். வசனத்த யாரும் பறிக்கல. முதல் நாள் இருபத்தாறு தடவை எடுத்தாங்க. ஒரு தடவை "பஸ்ஸு மகளே"ன்னாரு. ஒரு தடவை அந்தப் பொண்ணப் பார்த்து "எங்க ஓடற, உக்காரு"ன்னாரு. பஸ் டிரைவர் கோவிச்சுக்கிட்டு வீட்டுக்கே போயிட்டான். ஊர்ல இவரப் பார்த்துச் சிரிப்பாங்களேன்னு, "பேசற பொம்பளைங்க குறைவுன்னு சொல்லிடும்மா"ன்னு ஜினெவ்ராவுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சும்மா ஒரு சாக்குக்குத்தான். அவ தாள எடுத்து எண்ணிப் பார்த்தா, நெசமாவே மூணு பேரு. அவளுக்கே வேர்த்துப்போச்சு. அப்புறந்தான் எங்க அண்டாவுக்கு வந்தாங்க.

தொப்பி இன்னும் செவப்பு. தினமும் அதப் போட்டுக்கிட்டு, சவரம் பண்றப்போ கண்ணாடியப் பார்த்து நாலு வார்த்தையும் ஒண்ணு விடாமச் சொல்றாரு. நான் கேக்காத மாதிரி இருந்துக்கறேன்.