தாய்மாமன் காட் போன வாசல்

பீலெஃபெல்ட், ஜெர்மனி

பேரன்புள்ள மைத்துனர் பென்ஜமின் அவர்கட்கு,

மாதாவின் கிருபையால் இங்கு எல்லாரும் சுகம். என் சீனி வருத்தமும் சுகமாகவே இருக்கிறது. நீங்களும் தேவமலரும் நலமாயிருக்க மன்றாடுகிறேன்.

"அத்தான் நேரில வந்து சொல்லாத கலியாணத்துக்கு நான் வரமாட்டன்" என்று நீங்கள் சொன்னதாகத் தேவமலர் ஃபோனில் அழுதா. மச்சான், தாய்மாமன் இல்லாமல் கோயிலுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று மகள் பிறின்சி நிற்கிறாள். ஆகையால் நடந்ததை எழுதுகிறேன். உங்கள் அக்கா பிளோறன்ஸுக்கு மட்டும் சொல்ல வேண்டாம். "கலியாணக் காட் குடுத்தாச்சு" என்று அவவுக்குச் சொன்னேன், அது பொய்யில்லை.

போன சனிக்கிழமை ஹம்பேர்க் வந்து உங்கள் மணியை அடித்தேன், ஆளில்லை. காட்டைக் கடிதப் பெட்டிக்குள் போட்டால் "பெட்டியில போட்டவன்" என்பீர்கள், ஃபோன் எடுத்தால் "ஃபோனில சொன்னவன்" என்பீர்கள், ஆகவே ஃபோனை அணைத்துவிட்டு, றீப்பர்பான் பக்கம் ஏதோ ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் உங்களுக்கு வேலை என்ற அறிவை மட்டும் நம்பி, கோட்டும் டையும் கட்டி, கையில் கலியாணக் காட்டும் பயத்தம் பணியாரமுமாக அங்கே இறங்கினேன். அது எப்படிப்பட்ட இடம் என்று தெரியாதோ என்று கேட்பீர்கள். தெரியும், சிவப்பு லைட் போட முன்னம் திரும்பிவிடலாம் என்றொரு நினைப்பு. துருக்கிக்காரன் கடை, வியட்நாம்காரன் கடை, கானாக்காரர் மேளம் அடிக்கும் பார், வாசலுக்கு வாசல் "பென்ஜமின் நிக்கிறாரோ?" என்று கேட்டேன். எல்லா இடத்திலும் ஒரு பென்ஜமின் நின்றான் மச்சான்! ஒருவன் எனக்குப் பியரும் வாங்கித் தந்தான்.

பிறகு ஒரு தகரக் கதவு. பெண்களும் பதினெட்டு வயதாகாதவர்களும் வரக்கூடாது என்று எழுதியிருந்தது. எனக்கு இரண்டும் பொருந்தாது, குசினிப் பின்வாசலாக்கும் என்று நுழைந்தேன், உள்ளே ஒரு சின்னத் தெரு. ஜன்னல் கண்ணாடிக்குள் அரைகுறை உடுப்போடு ஒரு பிள்ளை கையைக் காட்டினாள். நான் மரியாதையாய்க் கும்பிட்டேன். குனிந்த தலை நிமிரவில்லை. சீனி இறங்கி நிலத்தில் இருந்துவிட்டேன். அவள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து, தன் கதிரையிலேயே என்னை இருத்தி, அப்பிள் ஜூஸ் பருக்கினாள். "ஓபா, சாகிறதெண்டால் வேற தெருவில சாகுங்கோ, என்ர யாவாரம் கெடும்" என்று என்னைத் தாத்தாவாக்கி ஜெர்மனில் பகிடிவிட்டபடி, நடுக்கம் நிற்கும் வரை என் கையை விடவில்லை. வந்த இரண்டு பேரைத் திருப்பியும் அனுப்பினாள். என் டொக்டர் அவ்வளவு நேரம் கை பிடிக்க மூன்று மாதம் முந்தி டெர்மின் எடுக்க வேணும்.

பெயர் யூலியா, ருமேனியாப் பிள்ளை. மகளுக்குக் கலியாணம் என்றதும் கையைத் துடைத்துவிட்டுத்தான் காட்டைத் தொட்டாள். தண்ணி குடிச்ச வாசலில கலியாணம் சொல்லாமல் வாறது எங்கட பழக்கமோ மச்சான்? கையில் இருந்தது உங்கள் காட் ஒன்றுதான். உங்கள் பெயரை வெட்டி அவள் பெயரை எழுதினேன்.

"உண்மையா நான் வரலாமோ?"

"நேரில சொன்னால் வரத்தான் வேணும்" என்றேன்.

அந்தத் தெருவில் ஒருவரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம், நியாயம் இருந்தது. கர்த்தர் அவர்கள் எல்லாரையும் காப்பாராக.

வாற ஞாயிறு புதுக் காட்டோடு உங்கள் வீட்டுக்கே வருகிறேன். கோபத்தை விடுங்கோ. நீங்கள் இல்லாமல் கலியாணம் இல்லை. தேவமலருக்கு என் அன்பும், உங்கள் அடுப்புக்கு என் ஆசீரும்.

இங்ஙனம்,
உங்களைத் தெருத்தெருவாய்த் தேடிய அத்தான்
ஜேசுரட்ணம்

பி.கு.: நான் முத்திரை தேடப்போன இடைவெளியில் பிளோறன்ஸ் எல்லாவற்றையும் வாசித்துவிட்டா. அகப்பையோடு வருவா என்று நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லுறா: "தம்பி விருப்பமெண்டால் வரட்டும், இல்லாட்டி விடட்டும். என்ர மனுசனைச் சாக விடாத பிள்ளையைத்தான் தாய்மாமன் கதிரையில இருத்துவன்." ஞாயிறு நாங்கள் இரண்டு பேரும் ஹம்பேர்க் வருவது உறுதி. முதலில் எந்த வாசலுக்கு என்பதில்தான் இன்னும் முடிவில்லை.