எதிரணிக்காக நான் வென்ற புகை வழக்கு

வாசகரே, உங்களைத் தீர்ப்புச் சொல்ல நான் அழைக்கவில்லை. தீர்ப்பு எப்போதோ வந்துவிட்டது. பேசத் தெரிந்த ஒருவன் பேசியே ஒரு பிழைப்பைக் கெடுத்தான் என்பதற்கு நீங்கள் சாட்சியாக நின்றால் போதும்.

அப்போது நான் மூன்று விவாதப் போட்டிகளின் சிறந்த பேச்சாளன் (ஒன்றில் எதிரணி வரவே இல்லை). எதிரணியின் வாதத்தை முதலில் அதன் முழு வலிமையோடு சபைமுன் நிறுத்திவிட்டு, பிறகு தகர்ப்பது எங்கள் அணியின் முறை. அதை நான் மேடையோடு விட்டிருக்கலாம்.

கொழும்பு ஹோட்டல் ஒன்றில் சமையல் வேலை பார்த்த என் மச்சான், அக்காவின் கணவர், எங்கள் தேயிலைத் தோட்ட ஊரான வட்டவளைக்கே திரும்பி வந்திருந்தார். நாங்கள் குடியிருக்கும் லயத்தின், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், பின்பக்கம் எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றை அறுத்து மூடி போட்டார். கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகளை, எங்கள் பேச்சில் மிலாறை, அதில் எரித்து, அந்தப் புகையிலேயே கோழியையும் பன்றி இறைச்சியையும் பக்குவப்படுத்தினார். ஹட்டனில் இரண்டு கடைகள் வாங்கத் தொடங்கின. இது ஓடினால் அவர் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. அக்காவின் சின்ன மகளுக்கு அதுவரை அப்பா என்றால் தொலைபேசிக்குள் பேசுகிறவர்.

ஆனால் எங்கள் ஊர் மழையில் புகை மேலே போவதில்லை, படுத்துக்கொள்ளும். லயத்தில் வீட்டுக்கு வீடு சுவர் உண்டு. சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளியும் உண்டு. பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்கா முறையிட, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார்.

"எம்புள்ள யூனிஃபாம் கோழி வாசம் அடிக்குதுங்க மாத்தயா. வகுப்புல புள்ளைங்க மோந்து மோந்து பாக்குதுங்களாம்," என்றார் செல்லம்மாக்கா.

பரிசோதகருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "வீட்டுக்குச் சமைக்கிறதுன்னா பரவால்ல. சுவரை விட்டு அந்த மேட்டுல தள்ளி வைங்க. துணி காயிற நேரம் பத்தவைக்க வேணாம். ஹரித?" என்று சிங்களத்தில் சரியா எனக் கேட்டார்.

"ஹரிங்க மாத்தயா," என்றார் மச்சான். செல்லம்மாக்காவும் தலையாட்டினார். பரிசோதகர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார்.

அப்போதுதான் நான் முன்னே வந்தேன்.

"மதிப்பிற்குரிய பரிசோதகர் அவர்களே! இந்தப் பீப்பாய்க்கு எதிராக என்னென்ன சொல்லக்கூடும் என்பதை முதலில் நேர்மையோடு நோக்குவோம்."

"மாப்ள, வேணாம்டா," என்றார் மச்சான்.

நோக்கினேன். கூரை வழியே புகை எத்தனை வீடுகளுக்குள் நுழைகிறது என்றேன். கோடி வீட்டுத் தாத்தாவின் இழுப்பைச் சொன்னேன். மிலாறு தோட்டத்துச் சொத்து என்றேன் (யாரும் கேட்கவில்லை). பிறகு குரலை உயர்த்தி, "இது வீட்டுச் சமையலே அல்ல, அனுமதியின்றி ஹட்டன் கடைகளுக்குப் போகும் வியாபாரம் என்றும் எதிரணியினர் முழங்கலாம்!" என்றேன்.

பரிசோதகர் தலைக்கவசத்தைக் கழற்றினார். "விக்கிறீங்களா?"

"அந்த வாதத்தைத்தான் இப்போது தகர்க்கப்போகிறேன்…"

"அது பிறகு மல்லி," என்று சிங்களத்தில் தம்பி என்றழைத்து நிறுத்தினார். "பர்மிட் இருக்கா?"

என் மறுப்புரை இன்றுவரை அரங்கேறவில்லை. அனுமதிக்குத் தனிச் சமையற்கூடம் வேண்டும். அதற்குச் சொந்தமாக நிலம் வேண்டும். லயத்தில் எவருக்கு நிலம்? பீப்பாய் அன்றோடு அணைந்தது.

அன்று மாலை என்னோடு பேசியவர் செல்லம்மாக்கா மட்டும்தான். "நான் சொன்னது ஒரு யூனிஃபாம் கததான் தம்பி. எனக்காக நீ எவ்வளவு பேசுன!" அவர் கண் கலங்கியிருந்தது.

வீட்டில் என் பெயர் இப்போது 'எதிரணி'. யாராவது அதிகாரி வந்தால், "எதிரணிய உள்ள தள்ளிக் கதவச் சாத்துங்க" என்கிறார் அக்கா. எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன், கொஞ்சம் தாமதமாக.

மச்சான் கொழும்புக்குத் திரும்பிய நாளில் ரயிலடியில் அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. சின்னவள் ரயில் ஜன்னல் கம்பியைப் பிடித்த தன் கையை எடுக்க மறுத்தாள். மச்சான்தான் சிரிக்க முயன்றார்: "என்னா மாப்ள, ஒண்ணும் பேச மாட்டியா?"

ரயில் நகர்ந்தது. மேடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க நான் கத்தினேன்:

"இனிமே நம்ம வாசல்ல யாரு வந்து நின்னாலும், 'டீ குடிக்கிறீங்களா'ன்னு மட்டுந்தான் மச்சான் கேப்பேன்!"