என் வீட்டுக்காரருக்குச் சரித்திரம் பிடித்த கதை

அன்புமிக்க ரோஸ்விதா அக்காவுக்கு,

ஆற்றின் நிழல்கரையிலிருந்து தங்கை நோட்புர்கா எழுதுவது. நீயும் அத்தானும் உங்கள் மாடுகளும் சுகமாக இருக்கக் கடவுள் அருள்வாராக. இங்கும் எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. முன்னறையில் எனக்கொரு கட்டில் போட்டு வை. சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். எத்தனை நாளுக்கு என்று மட்டும் கேட்காதே.

எங்கல்பெர்ட்டைத்தான் உனக்குத் தெரியுமே. பள்ளத்தாக்கு ரயில் நிலையத்தில் ஆயுசெல்லாம் டிக்கெட் கொடுத்த மனுஷன். "போக மட்டுமா, போய் வரவா?" என்பதற்கு மேல் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஓய்வு பெற்றதும் ஊராட்சித் தலைவர் வந்து, "நம்ம ஊர் பூகோளம், சரித்திரம் எல்லாம் ஒரு சின்னப் புத்தகமா எழுதிக் குடுங்களேன்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். பேய் பிடித்தால் பாதிரியாரைக் கூப்பிடலாம் அக்கா, சரித்திரம் பிடித்தால் யாரைக் கூப்பிடுவது? ஒரு சாவுப் பூசையின் நடுவில், பெட்டியை வைத்துக்கொண்டு எல்லாரும் அழும்போது, இவர் எழுந்து நின்று, "சாமி, இந்த மணி இந்தக் கோயிலுக்கு வார்த்ததில்ல, பக்கத்து ஊர்ல பழசா வாங்கினது" என்றார். சாப்பாட்டு மேசையிலும் நிம்மதி இல்லை. சூப்பில் மிதக்கும் ஈரல் உருண்டையைக் கரண்டியால் நகர்த்தி, "இதுதான் தெற்கு மலை. இது மறைக்கிறதாலதான் நவம்பர்லேருந்து பிப்ரவரி வரைக்கும் நம்ம கரைக்கு வெயில் கிடையாது" என்று எனக்கே பாடம். "அது எனக்குத் தெரியும். நாப்பது வருஷமா இங்க துணி காயப்போடுறவ நான்தான்" என்றேன். காதில் விழவில்லை. மலையைத் தின்றுவிட்டு ஆற்றையும் குடித்து முடித்தார்.

அதோடு விட்டிருந்தாலும் பொறுத்திருப்பேன். பக்கத்து வீட்டு ஆஃப்ரா, விடுமுறைக்கு வந்து தங்குகிறவர்களிடம் தன் கொல்லைச் சுவரைக் காட்டி, அந்தக்கால மாவீரன் ஒருவனுடைய கோட்டை என்று சொல்லித்தான் அறைகளை வாடகைக்கு விடுகிறாள். இவர் அவர்கள் எதிரிலேயே, "கோட்டையா? பன்னிக் கொட்டில்ங்க. இதோ, தீனித்தொட்டி வச்ச எடம்" என்று காலால் தட்டிக் காட்டிவிட்டார். ஆஃப்ரா வேலிக்கு மேல் தலையை நீட்டி, "உன் புருஷன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடுடீ! என் மாவீரனைப் பன்னியாக்கிட்டானே!" என்று கத்தினாள். அன்றோடு அவள் எங்களுக்குக் கொடுக்கும் முட்டை நின்றது. அடுத்த வாரம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், வெயில்கரை. விடுதிக்கார வெண்டெலின், வெயில் படாத எங்கள் கரையாரைப் பூஞ்சக்காளான் என்றுதான் கூப்பிடுவான், உனக்கே தெரியும். இவர் பீர் குவளையை வைத்துவிட்டு, "முன்காலத்துல ஆறு உன் விடுதிக்குப் பின்னால ஓடிச்சு. பெருவெள்ளத்துலதான் இந்தப் பக்கம் தாவிச்சு. அதுவரைக்கும் உன் பாட்டன் பூட்டன் எல்லாம் எங்க கரைதான்" என்றார். அப்புறம் புல் அறுப்புக்கு இரண்டு கரையிலிருந்தும் ஓர் ஆள்கூட வரவில்லை. இவர் பழைய ஆற்றுப்படுகையை அளக்கப் போய்விட்டார். நான் ஒருத்தியாக வாரிக் குவித்த புல்லெல்லாம் மழையில் நனைந்து அழுகியது. கோயிலில் என் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. வாழ்க்கைப்பட்ட ஊரில் முகம் கொடுக்க ஆளில்லாமல் நிற்கிறேன்.

நேற்று வெண்டெலினின் விடுதி மண்டபத்தில், ஊராட்சித் தலைவர் ஏற்பாட்டில், இவருடைய சொற்பொழிவு. இரண்டு கரையும் திரண்டு வந்திருந்தது, சண்டைக்குத்தான். இவர் எழுந்து, "மதிப்புக்குரிய ஊராரே" என்றார். அவ்வளவுதான். எதிரில் டிக்கெட் கொடுக்கும் கண்ணாடிச் சன்னல் இல்லாமல், இத்தனை கண்ணும் தன்னையே பார்க்க, மனுஷருக்குப் பேச்சு வரவில்லை. காது மட்டும் சிவந்தது. வெண்டெலின் கையைக் கட்டிக்கொண்டு, "என்னய்யா, ரயில் லேட்டா?" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. இவருக்கு ஒரு நாள் இப்படி நடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டவளே நான்தான். ஆனால் அவர் குறிப்புத் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் புரட்டியதைப் பார்த்ததும் என்னால் உட்கார முடியவில்லை.

"ரயில் வரும் வெண்டெலின், நான் தள்ளிட்டு வர்றேன்" என்று எழுந்துவிட்டேன். சூப்போடு விழுங்கிய சரித்திரம் முழுக்க வெளியே வந்தது. ஆறு தாவிய அன்று தாய்வீடு ஒரு கரை, புருஷன்வீடு ஒரு கரையாகிப்போன பெண்கள் தண்ணீருக்கு மேலேயே கூவிக் கூவி நலம் விசாரித்ததைச் சொன்னேன். "அந்தக் காலத்துல பன்னி வச்சிருந்தவந்தான் பணக்காரன். மாவீரனெல்லாம் பசிச்சா அவன் வாசல்லதான் வந்து நின்னான்" என்றேன். "அப்படிச் சொல்லு!" என்று ஆஃப்ரா துள்ளினாள். வெண்டெலின், "அப்போ நானும் பாதி பூஞ்சக்காளானா?" என்றான். "முழுக் காளான். வெயில்ல காஞ்சது, அவ்வளவுதான்" என்றேன். அவனே மேசையைத் தட்டிச் சிரித்தான்.

வீடு திரும்பும் வழியில், பாலத்தின் மேல், இவர் நின்றார். நன்றி சொல்லப்போகிறார் என்று நானும் நின்றேன். "வெள்ளம் வந்த வருஷத்தைத் தப்பாச் சொல்லிட்ட" என்றார். அங்கேயே முடிவெடுத்தேன் அக்கா. பெட்டி கட்டியாயிற்று. இனி என்னால் ஆகாது.

அத்தானுக்கு என் அன்பைச் சொல். பனி விழுமுன் உங்கள் கொட்டகையில் விறகும் உடம்பில் தெம்பும் நிறையட்டும்.

களைத்துப்போன தங்கை,
நோட்புர்கா

பின்குறிப்பு: சனிக்கிழமை வருவதற்கில்லை. ஊராட்சித் தலைவர் இப்போதுதான் வந்துபோனார். இனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் பேச வேண்டுமாம். இன்னொரு விஷயம், கோபித்துக்கொள்ளாதே. உங்கள் ஊர் பேர்விங்கலின் பெயரில் இருக்கிற 'பேர்' கரடியைக் குறிக்கிறது என்று அத்தான் பெருமை பேசுகிறாரே, அது சுத்தத் தவறு. அங்கே கரடி இருந்ததே இல்லை. அந்தப் 'பேர்' வெறும் பெரிப்பழப் புதர்தான். நீரூற்றின் மேல் நிற்கிற கரடிச் சிலையை இறக்கச் சொல். மாட்டேன் என்றால், உங்கள் கோயில் திருவிழாவுக்கு நானே வந்து எல்லார் முன்னாலும் எடுத்துச் சொல்கிறேன்.