கோட்டைக்குச் சேர்த்த சாமை

மிளகு வியாபாரி பாயைப் போல ஒரு மலையையே இரண்டாகப் பிளந்த மனிதர் பூமியில் பிறந்ததில்லை. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். சேந்தமங்கலத்திலிருந்து வாரம் ஒருமுறை மிளகு வாங்கக் கொல்லிமலை ஏறி வருவார். தோளில் தராசு, கக்கத்தில் ஒரு தடித்த சரித்திர நாவல். கோயில் முன்னால் உட்கார்ந்து ஓர் அத்தியாயம் உரக்க வாசிக்காமல் மிளகை நிறுக்கமாட்டார்.

கதையில் அண்ணன், அந்நியனோடு கைகோத்த ராஜா. தம்பி, கோட்டைக்குள் முற்றுகையில் பட்டினி கிடக்கும் கலகக்காரன். அந்த மலையூர்கள் சேர்ந்த தேவனூர் நாடே அண்ணன் கட்சி, தம்பி கட்சி என்று பிரிந்தது. நான் அங்கே சர்க்கார் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள்கூடக் கட்சிவாரியாக உட்கார்ந்தார்கள்.

"பாய், முடிவைச் சொல்லித் தொலைங்க. பாடம் நடத்த முடியல."

"அதெப்படிங்க வாத்தியாரே? ராஜா பக்கமும் ஞாயம் இருக்குதுங்களே!"

மலையில் அச்சடித்த தாளில் வந்ததெல்லாம் அப்போது சர்க்கார் சேதிதான்; இதையும் நடக்கிற சேதி என்றே நம்பினார்கள். கதையையும் அச்சடிப்பார்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஒரு வாரம் தம்பி கட்சியார் மூட்டை மூட்டையாகச் சாமையைக் கொண்டுவந்து குவித்துவிட்டார்கள்.

"இது எதுக்குங்க?" பாய் மிரண்டார்.

"கோட்டையில பசியாக் கெடக்கறாங்கல்ல சாமி, கொண்டுபோய்ச் சேத்துருங்க" என்றார் ஊர்க்கவுண்டர்.

"அது நடந்து முந்நூறு வருசம் ஆச்சுங்க!"

"அப்படின்னா இன்னும் பசிச்சிருக்குமே!"

கலகக்காரருக்குத் தானியம் சேர்கிறது என்ற பேச்சு மலையிறங்கியது. தேசமெங்கும் சுதந்திரம் கேட்டவர்களைக் கைது செய்துகொண்டிருந்த நேரம். போலீஸ் இன்ஸ்பெக்டர் மூச்சிரைக்க ஏறி வந்து, பாயையும் என்னையும் பள்ளிக்கூடத்துக்குள் தனியாக அழைத்து நாவலைப் புரட்டினார்.

"வாத்தியாரே, நீர் படிச்சவர். புஸ்தகம் பூரா கலகமா இருக்கே. இது வெறும் கதைதானா?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். ஆனால் வாரம் தவறாமல் நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவன். அதிலும் தம்பி கட்சி. தெரிந்தால் வேலை போய்விடும்.

"தெரியாதுங்க. நான் அந்தப் பக்கமே போறதில்லை" என்றேன்.

பாய் என்னைப் பார்த்தார். தராசை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நாவலோடு அவரையும் கொண்டுபோனார்கள்.

இரண்டு மாதம் உள்ளே இருந்தார். திரும்பி வந்த அன்று இரண்டு கட்சியும் ஒன்றாக அவரைச் சூழ்ந்தது.

"காட்டிக்குடுத்தவன் யாருன்னு சொல்லுங்க பாய். மலையவிட்டே வெரட்டிடறோம்!"

கூட்டத்தில் கடைசி ஆளாக நானும் நின்றேன்.

"அந்த மாதிரி ஆளு கதையிலதானுங்க வருவான். நம்மூர்ல ஏதுங்க?" என்று சொல்லிவிட்டு, மிளகை அள்ளித் தட்டில் போட்டார்.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன். பாவி மனுஷன், திட்டவில்லை. எனக்கு எண்பது வயதாகியும் மனசைவிட்டு இறங்கமாட்டேன் என்கிறார்.