பத்து விரல்காரர்

முறைப்படிக்காரர் என்று ஓர் இனம் உண்டு, வாசகரே. வேலையைத் தானும் முடிக்க மாட்டார், முடிக்கிறவரையும் விட்டுவைக்க மாட்டார்.

கூரியர் அலுவலகம் ஒன்றின் மேலாளர் அந்த இனத்தில் முதல் தரம். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் பத்து விரல்காரர். எவராவது இரண்டு விரலால் கணினியைத் தட்டுவது கண்ணில் பட்டால், சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்து, அவர் முதுகை நிமிர்த்தி, மணிக்கட்டைத் தூக்கி, ஆள்காட்டி விரல்களை ‘எஃப்’பிலும் ‘ஜே’யிலும் குடியேற்றி, மற்ற விரல்களை நடுவரிசையில் பக்கத்துக்கு மூன்றாகப் பரப்பி, கட்டைவிரல்களுக்கு இடம்விடும் கட்டையைக் காட்டிவிட்டுத்தான் சோற்றுக்குத் திரும்புவார். அந்த ஊழியர் அடிக்க வந்த கடிதம்? அது மறுநாள் போகும்.

இவரிடம்தான் இவருடைய மனைவியே வீட்டில் தட்டச்சு கற்க உட்கார்ந்தாள். குழந்தைக்காகத் துணிக்கடை வேலையை விட்டவள். நாள் முழுக்க நான்கு சுவரையே பார்த்துச் சலித்திருந்தாள். பக்கத்து நூலகத்தில் உதவியாளர் வேலை காலி என்று கேள்விப்பட்டதும் உயிர் வந்தது. தன்னைப் பற்றி ஒரு பக்கம் கணினியில் அடித்து அனுப்ப வேண்டும்.

எழுத்துகளைப் பார்க்கக் கூடாதென்று அவள் கைமேல் துண்டைப் போர்த்தினார். வாரக்கணக்கில் நடுவரிசையே பாடம். மேல்வரிசை எப்போது என்று கேட்டால், அஸ்திவாரம் காயாமல் யாராவது மாடி கட்டுவார்களா என்பார். நடுவரிசையை வைத்துக்கொண்டு அவளால் தன் பெயரைக்கூட அடிக்க முடியவில்லை.

கடைசி நாள் வந்துவிட்டது. மாலை ஐந்து மணிக்குக் கெடு. விடுப்பு எடுத்து வந்த கணவர் அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். இரண்டு வரி ஓடுவதற்குள் சுண்டுவிரல் சோம்பேறியாக இருக்கிறது என்று ஆறு முறை நிறுத்தினார்.

“எந்திரி, நான் காட்டுறேன். இதுக்குக் கண்ணே தேவையில்ல.”

நாற்காலியை உயர்த்தினார், தாழ்த்தினார். தலையணை கேட்டார். தோளை உருட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அவள் சொல்லச் சொல்ல, மழை பெய்வதுபோல் அடித்தார். அவளுக்கே பெருமையாகத்தான் இருந்தது, திரையைப் பார்க்கும்வரை. வலது கை ஒரு எழுத்து தள்ளி உட்கார்ந்திருக்கிறது. பக்கம் முழுக்க எந்த மொழியிலும் சேராத எழுத்துகள்.

மணி நாலே முக்கால். அவள் தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கி வந்து அவர் மடியில் வைத்தாள்.

“இவனப் பத்து விரலாலயும் முறைப்படி பிடிச்சுக்குங்க. அசையாதீங்க.”

கூன் போட்டு உட்கார்ந்து, கோழி கொத்துவதுபோல் இரண்டே விரலால் கொத்தினாள். முகமெல்லாம் வேர்த்தது. ஒவ்வொரு தப்புக்கும் அவர் வாய் திறந்தது. திறந்தபோதெல்லாம் குழந்தை சிணுங்கியது. கெடுவுக்குச் சற்று முன்னால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

வேலை கிடைத்தது. நூலகத்தில் இன்றும் அவள் கொத்திக்கொண்டுதான் இருக்கிறாள். யாரும் நிறுத்துவதில்லை என்பதே அவளுக்குச் சம்பளத்துக்கு மேல் ஒரு சுகம். எல்லாம் தான் போட்ட அஸ்திவாரம் என்று கணவர் அலுவலகத்தில் சொல்லிக்கொள்கிறார்.

சிரித்தீர்களா? நல்லது. இன்று உங்கள் வீட்டில் யாராவது வெங்காயம் நறுக்குவார்கள், சட்டை மடிப்பார்கள், வண்டியைப் பின்னால் எடுப்பார்கள். அப்போது உங்கள் நாக்கு நுனியில் “அப்படி இல்ல, இங்க கொடு” என்று ஒன்று வந்து நிற்கும். அதை விழுங்கிப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.