முதுகைப் பார்த்தே சொல்வேன்

‘படம் பார்த்தபோது வீட்டில் இருந்தவர்கள்: டிவிக்கு மிக அருகில், முக்காலியில், நான். வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் பக்கத்து வீட்டுக் குணாளன். எனக்குப் பின்னால், அடுப்படி வாசலில், பச்சைக் கப்தான் அங்கியில் நெத்திலித் தலை கிள்ளியபடி, என் மனைவி புஷ்பவள்ளி.’

அமிர்தலிங்கம் தம் கடிதத்தை இப்படித்தான் தொடங்கினார். ரந்தாவ் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சி இல்லாமல் புகார் எழுதுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

புகார், டிவியில் போட்ட ஒரு கிரேக்கப் புராணப் படத்தின் மேல். பாம்பு கடித்துச் செத்துப்போன மனைவியை மீட்க யாழ்க்காரன் ஒருவன் பாதாளத்துக்குப் போகிறான். “அவள் உன் பின்னாலேயே வருவாள். மேலே போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்காதே” என்று அனுப்புகிறான் பாதாள ராஜா. அவனோ பாதி வழியில் திரும்பிப் பார்த்துத் தொலைக்கிறான். அவள் மறைந்துபோகிறாள்.

மற்றவர்கள் கண்ணைத் துடைக்கும் அந்தக் கட்டத்தில் அமிர்தலிங்கத்துக்கு ரத்தம் கொதித்தது. படத்தைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, பிழை பிடிக்கத் திரும்பத் திரும்ப ஓட்டினார்.

வெள்ளிக்கிழமையே புஷ்பவள்ளி வெடித்திருந்தாள்.

“உங்க முதுகப் பாத்துப் பாத்தே எனக்கு வயசாயிருச்சு. இன்னொரு தடவ இந்தப் படத்த ஓட்டுனீங்க, மம்பாவ்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன். நீங்களா வந்து கூப்பிட்டாத்தான் வருவேன்!”

“சரி, சரி” என்றார், திரும்பாமலே. அவளுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று டிவி சத்தத்தைக் குறைத்தார். வசனம் கேட்கவில்லை. முக்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டார். கிட்டப் போகப் போகப் பிழை கூடியது. பிழை கூடக் கூட அவர் சத்தமும் கூடியது. சோறும் டிவி முன்னால், தூக்கமும் டிவி முன்னால் பாயில் என்றாயிற்று.

வெறும் மிரட்டல் என்று நினைத்துக்கொண்டார். பச்சைக் கப்தான் கை தோளுக்கு மேலாகத் தட்டை நீட்டிக்கொண்டுதான் இருந்தது. பேச்சு மட்டும் இல்லை. கோபம் என்று விட்டுவிட்டார். திங்கட்கிழமை, கடிதமும் கையுமாக, குணாளனிடம் ரிமோட்டைக் கொடுத்து மறுபடி படத்தை ஓட்டச் சொன்னார்.

“நிறுத்துலா குணா! பாத்தியா? பாதாளத்துல லாரி டயர் தடம்!”

“சாமான் எறக்கியிருப்பாங்கண்ணே.”

“எமலோகத்துல என்னடா சாமான்? அந்தம்மா கையப் பாரு, அம்மை குத்துன தழும்பு! அந்தக் காலத்துல எந்தக் கிளினிக்குடா?”

காப்பி வந்தது. ஒரு வாய் குடித்தவர் சீறினார்.

“இவ்வளவு சீனியா? கல்யாணம் ஆனதிலேருந்து சொல்றேன், எனக்குச் சீனி ஆகாதுன்னு! ஒரு விஷயத்தக் கவனிக்கிறதே கெடையாது!”

குணாளன் அடுப்படிப் பக்கம் பார்த்தான்.

“அண்ணே, ஒரு விஷயம்...”

“படத்தப் பாருடா! இப்பத்தான் பெரிய மோசடி வருது. பின்னால நடந்து வர்றது அந்த நடிகையே இல்ல, டூப்பு! அதே உடுப்ப இன்னொருத்திக்கு மாட்டிவிட்டா ஏமாந்துருவோமா? முதுகப் பாத்தே சொல்வேன்டா நான்! கட்டுன பொண்டாட்டி யாரு, வந்தவ யாருன்னு தெரியாத மடையனுக்கு யாழ் ஒரு கேடா!”

அந்தச் சூட்டிலேயே கடிதத்தை முடித்தார். ‘இத்தகைய குருட்டுத்தனத்தை ஒளிபரப்பிய தங்கள் நிலையம் நேயர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்’ என்று அடிக்கோடிட்டார். தோளுக்கு மேலாகத் தாளை நீட்டினார்.

“இந்தா, சாட்சிக் கையெழுத்துப் போடு.”

தாள் போன வேகத்தில் திரும்பி வந்தது. மடித்து உறையில் போட்டு, நாக்கால் நனைத்து, கட்டை விரலால் அழுத்தி ஒட்டினார். குணாளன் அதை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். தப்பித்தோம் என்று மோட்டார் சைக்கிளை உதைத்து ரந்தாவ் தபால் ஆபீசுக்குப் பறந்தான்.

அமிர்தலிங்கத்துக்கு மனசு லேசாயிற்று. டிவியைப் பார்த்தபடியே சிரித்தார்.

“என்ன புஷ்பா, போறேன் போறேன்னு மிரட்டுன. போனியா?”

பின்னாலிருந்து முதல் தடவையாகப் பதில் வந்தது.

“நான் குமுதவல்லி, அத்தான். கையெழுத்தும் என் பேர்லதான் போட்டேன். அக்கா வெள்ளிக்கிழமையே மம்பாவுக்கு வந்திருச்சு, நீங்க பட்டினி கிடக்கக் கூடாதுன்னு தன் கப்தானக் குடுத்து என்னைய அனுப்பி வச்சிருக்கு. அந்த யாழ்க்காரனாச்சும் ஒரு தடவ திரும்பிப் பாத்தான்லா!”